"வெளிச்சம் வேணாம், நான் இருக்கிறது தெரிஞ்சா போதும்!" - பழவேற்காடு ஏரிக்காக ஒரு விளக்கு

"புராடக்ட் டிசைன் படிக்கிறான்" என்று சொன்னால், ஆரம்பாக்கத்தில் அடுத்து வரும் கேள்வி, "அது இன்ஜினீயரிங்கா, ஆர்ட்ஸா?" என்பதுதான். ரெண்டும் இல்லை என்றால், "அப்ப வேலை கிடைக்குமா?" என்பார்கள். என் சித்தி மகன் மூன்று வருடங்களாக இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி, இப்போது ஒரே வரியில் முடித்துவிடுகிறான். "நீங்க கையில வெச்சிருக்கிற செம்பு இருக்குல்ல மாமா, அது ஏன் அந்த வடிவத்துல இருக்குதுன்னு படிக்கிறேன்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1958-ல் இந்திய அரசு, சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதியை அழைத்து, இந்தியாவுக்கு எப்படிப்பட்ட டிசைன் கல்வி தேவை என்று கேட்டது. ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அவர்கள் எழுதிய அறிக்கையில் வியந்து வியந்து பேசிய பொருள், நம் வீட்டுச் செம்புதான். எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், இடுப்பில் எப்படி உட்கார வேண்டும், எப்படி ஊற்ற வேண்டும், உள்ளே கைவிட்டுக் கழுவ முடியுமா, விலை என்ன, உடைந்தால் உலோகமாக என்ன தேறும்... இத்தனையும் ஒரு பாத்திரத்துக்குள் பல தலைமுறைகள் சேர்ந்து யோசித்தவை. அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. தம்பி படிப்பது அங்கே இல்லை, வேறொரு கல்லூரியில். ஆனால், முதல் வகுப்பில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் செம்புக் கதையைத்தான்.

அவனுடைய கடைசி வருட புராஜெக்ட், மீனவர்களுக்கான விளக்கு. எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் இதைச் சொன்னதும், 'உப்புத் தண்ணீரில் எரியும் விளக்கு - மீனவர் மகன் சாதனை' என்று தலைப்பே தயாராகிவிட்டது. தம்பியிடம் போனில் கேட்டேன். "சாதனைன்னு எல்லாம் போடாதீங்கக்கா. உப்புத்தண்ணி விளக்கு நான் கைவிட்டது. எது சரியா வரலைன்னு வேணா எழுதுங்க" என்றான். செய்தியாக வர வேண்டியது இப்படிக் கட்டுரையாகிவிட்டது.

ராக்கெட் தெரியும் ஊர்

சென்னை சென்ட்ரலில் இருந்து சூளூர்பேட்டை மின்சார ரயிலில் ஏறினால், தமிழ்நாட்டுக்குள் வரும் கடைசி ஸ்டேஷன் ஆரம்பாக்கம். அடுத்த ஸ்டேஷன் தடா, ஆந்திரா. ஊருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. நொச்சிக்குப்பம், பாட்டைக்குப்பம் என்று கரையோரம் வரிசையாகக் குப்பங்கள். ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா.

2022 அக்டோபர் 23-ம் தேதி நள்ளிரவு தாண்டி 12.07 மணிக்கு, 36 செயற்கைக்கோள்களுடன் எல்.வி.எம்-3 ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. அப்படி ராத்திரியில் ராக்கெட் போகும்போதெல்லாம் குப்பத்தில் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு வந்து கரையில் நிற்பார்கள். வானம் ஆரஞ்சு நிறமாகி, கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் வந்து சேரும். பிறகு மறுபடியும் இருட்டு. அந்த இருட்டில்தான் சித்தப்பா தொழில் செய்கிறார்.

இந்த ஏரியில் 'பாடு' என்றொரு முறை இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்பதைக் கிராமமே முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு. இறால் பிடிக்கக் கழி ஊன்றி வலை கட்டிவிட்டு, படகிலேயே ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். முன்பு கையில் இருந்தது அரிக்கேன் விளக்கு. இப்போது நெற்றியில் மாட்டும் டார்ச்.

11 விளக்குகளின் போஸ்ட்மார்ட்டம்

தம்பி முதலில் செய்தது, புதிய விளக்கு எதையும் வரையாமல், குப்பத்தில் செத்துப்போன விளக்குகளைத் தேடியது. சில வருடங்களுக்கு முன் ஒரு தொண்டு நிறுவனம் வீட்டுக்கு வீடு சோலார் லாந்தர் கொடுத்திருந்தது. இரண்டாவது மழைக்காலத்துக்குப் பிறகு அவற்றில் பெரும்பாலானவை பரண் ஏறிவிட்டன. ஒரு விளக்கு கோழிக்கூண்டுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. 11 விளக்குகள் கிடைத்தன. சித்தி வீட்டுத் திண்ணையில் பழைய நியூஸ்பேப்பரை விரித்து எல்லாவற்றையும் பிரித்தான்.

ஒன்றில்கூட எல்.இ.டி பழுதாகவில்லை. சோலார் தகடுகளும் வெயிலில் வைத்தால் வேலை செய்தன. செத்திருந்தவை பெரும்பாலும் பேட்டரிகள். இரண்டு விளக்குகளில் சுவிட்சுக்குள் உப்புக்காற்று புகுந்து பச்சை பூத்திருந்தது. பேட்டரியை மாற்றிவிடலாமே என்றால் முடியாது, மூடியைப் பிசின் ஊற்றி ஒட்டியிருந்தார்கள். ஸ்க்ரூ இருந்த விளக்குகளிலோ, துருப்பிடித்து ஸ்க்ரூவின் தலையே போய்விட்டது. 200 ரூபாய்க்குள் முடிந்திருக்க வேண்டிய ரிப்பேருக்காக முழு விளக்கும் குப்பையாகியிருந்தது.

"இது டிசைன் தப்பு இல்லக்கா. டிசைன் பண்ணவங்களுக்கு இந்த ஊர் காத்து தெரியாது, அவ்ளோதான்" என்றான். ஏழைகளுக்கான விளக்கு என்று உலகம் முழுக்க நல்ல மனிதர்கள் நிறைய யோசித்திருக்கிறார்கள். பிரேசிலைச் சேர்ந்த மெக்கானிக் ஆல்ஃபிரடோ மோசர், பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரும் கொஞ்சம் பிளீச்சிங் திரவமும் ஊற்றிக் கூரையில் செருகி, மின்சாரமே இல்லாமல் பகல் வெளிச்சத்தை வீட்டுக்குள் இறக்கினார். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வகுப்பு ஒன்றில் சாம் கோல்ட்மேன், நெட் டோசுன் என்ற மாணவர்கள் தொடங்கிய சோலார் விளக்கு யோசனை, 'டி.லைட்' என்ற நிறுவனமாகி இந்தியக் கிராமங்கள் வரை வந்தது. மண்ணெண்ணெய் விளக்கால் தீக்காயம்பட்ட பக்கத்து வீட்டுப் பையனை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் பார்த்ததுதான் கோல்ட்மேனுக்குத் தூண்டுதல். பெங்களூரில் 1995-ல் ஹரீஷ் ஹண்டே தொடங்கிய 'செல்கோ' இன்னொரு பாதையில் போனது. விளக்கோடு கடன் வசதியையும், வந்து பழுதுபார்க்கும் ஆளையும் சேர்த்தே கொடுத்தது. தம்பி தன் சுவரில் ஒட்டிவைத்திருப்பது ஹண்டேயின் படத்தைத்தான்.

உப்புத்தண்ணீர் எரிபொருள் இல்லை

2022 ஆகஸ்ட் 13-ம் தேதி, சென்னையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 'ரோஷ்னி' என்ற விளக்கை அறிமுகப்படுத்தியது. கடல்நீரை ஊற்றினால் எரியும் இந்தியாவின் முதல் உப்புநீர் லாந்தர். மத்திய அமைச்சர் ஜிதேந்திர சிங், 'சாகர் அன்வேஷிகா' என்ற ஆய்வுக் கப்பலில் வைத்து அதை வெளியிட்டார். கடலோர மக்களுக்காகவே செய்யப்பட்டது என்று செய்தி வந்ததும் தம்பிக்குத் தூக்கம் போய்விட்டது. அவன் வீட்டு வாசலிலேயே உப்புத்தண்ணீர் இருக்கிறதே!

காலேஜ் லேபில் சொந்தமாக ஒரு மாதிரி செய்துபார்த்தான். அப்போதுதான் நானும் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டேன். இந்த வகை விளக்கில் உப்புத்தண்ணீர் எரிபொருள் கிடையாது. அது மின்சாரம் போகும் வழி மட்டுமே. மெக்னீசியம் போன்ற உலோகத் தகடு ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துதான் மின்சாரம் கிடைக்கிறது. தகடு தீர்ந்தால் புதிது மாற்ற வேண்டும். புயல் அடித்து, ஒரு வாரம் வெயிலும் இல்லை கரன்ட்டும் இல்லை என்றால், இது உயிர் காக்கும் விளக்கு. 2016-ல் வர்தா புயலின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நாள்கணக்கில் இருட்டில் கிடந்த எங்கள் பக்கத்து ஊர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால், வருடம் முழுக்க ராத்திரிதோறும் எரிக்க வேண்டும் என்றால் தகட்டுச் செலவு கட்டுப்படியாகாது.

இன்னொரு சிக்கலை ஏரியே காட்டிக்கொடுத்தது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். பழவேற்காடு ஏரி அப்படி ஒரே சீராக இருக்காது. கோடையில் தண்ணீர் வற்றி, கடலைவிட அதிகமாகக் கரிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணியாறும் காளாங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டியதும் உப்பு இறங்கிவிடும். சித்திரையில் ஏரித் தண்ணீரில் நன்றாக எரிந்த அவனுடைய மாதிரி விளக்கு, கார்த்திகையில் மின்மினி மாதிரி ஆகிவிட்டது. சித்தி ஒரு பிடி கல் உப்பைக் கொண்டுவந்து போட்டதும் திரும்பப் பளிச்சென்று எரிந்தது. "புயல் பெட்டியில வெச்சுக்கலாம். அப்பாவோட படகுக்கு இது இல்ல" என்று முடிவு செய்தான்.

சித்தப்பாவின் பதில்

பிறகுதான், முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைத் தம்பி அவருடைய படகிலேயே உட்கார்ந்து கேட்டான். "அப்பா, உனக்கு எவ்ளோ வெளிச்சம் வேணும்?"

"எனக்கு எதுக்குடா வெளிச்சம்? வலை கைக்குத் தெரியும், இறால் வலைக்குத் தெரியும். மோட்டார் படகுல வர்றவனுக்கு நான் இருக்கிறது தெரிஞ்சா போதும்" என்றார் சித்தப்பா.

அதற்கு முந்தின மார்கழியில் நடந்ததை அவர் வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பனி இறங்கியிருந்த ஒரு ராத்திரி, டார்ச்சை அணைத்துவிட்டு வலை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். வேகமாக வந்த மோட்டார் படகு ஒன்று, கைநீட்டினால் தொடும் தூரத்தில் கடந்துபோயிருக்கிறது. அலையில் அவர் படகு சாய்ந்து, பிடித்த இறாலில் பாதி ஏரிக்கே போய்விட்டது. இதைக் கேட்டபோது சித்தி அடுப்படியில் இருந்து வெளியே வந்து நின்றார். எதுவும் பேசவில்லை. அன்று ராத்திரி சித்தப்பா தொழிலுக்குப் போகவில்லை.

டார்ச்சை ஏன் அணைத்துவைத்தார்? அதற்கும் காரணம் இருக்கிறது. நம் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் வரை ஆகும். ஒரு தடவை வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்துவிட்டால் அத்தனையும் போச்சு. நெற்றி டார்ச் எரிந்தால் அந்த வட்டத்துக்குள் மட்டும்தான் உலகம், அதற்கு வெளியே ஒன்றும் தெரியாது. அனுபவசாலிகள் இருட்டிலேயே இருப்பது அதனால்தான்.

கடலில் படகுகள் மோதாமல் இருக்க 1972-ல் உருவான சர்வதேச விதிகள் இருக்கின்றன. துடுப்புப் படகில் இருப்பவர் ஒரு டார்ச்சையோ லாந்தரையோ தயாராக வைத்திருந்து, மோதல் நேராதபடி சரியான நேரத்தில் காட்டினாலே போதும் என்கிறது விதி. ஆனால், சித்தப்பாவின் இரண்டு கைகளும் வலையில் இருக்கும்.

அன்றோடு தம்பியின் புராஜெக்ட் தலைகீழானது. 'அதிக வெளிச்சம்' என்று நோட்டில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'எல்லாப் பக்கமும் தெரியணும், அப்பா கண்ணுக்குத் தெரியக் கூடாது' என்று எழுதினான்.

இப்போதைய விளக்கு ஓர் எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரியது. படகில் கட்டிய கழியின் உச்சியில், தலைக்கு மேல் நிற்கும். அடியில் ஒரு கறுப்புத் தட்டு இருப்பதால் வெளிச்சம் கீழே விழாது, பக்கவாட்டில் சுற்றிலும் மட்டும் போகும். செலவாகும் மின்சாரம் 0.2 வாட். நம் வீட்டு 9 வாட் பல்பில் 45-ல் ஒரு பங்கு. ஒரே ஒரு லித்தியம் பேட்டரியில் இரண்டு ராத்திரிகள் எரிகிறது. தெளிவான ராத்திரியில் அரைக் கிலோமீட்டர் தள்ளி நின்று பார்த்தோம், தெரிந்தது. மீனைக் கவர்ந்து இழுக்கும் அளவுக்கு அதில் வெளிச்சம் இல்லை. அதுவும் முக்கியம். பெரிய எல்.இ.டி விளக்குகளைப் போட்டு மீனை இழுத்துப் பிடிப்பதை மத்திய அரசு 2017-ல் தடை செய்திருக்கிறது. குஞ்சு மீன்கள் உட்பட எல்லாம் சேர்ந்து வந்துவிடும் என்பதுதான் பிரச்னை.

உள்ளே பிசின் இல்லை. துருப்பிடிக்காத நான்கு ஸ்க்ரூக்கள், ஒரு ரப்பர் வளையம். பேட்டரியைச் சால்டரிங் செய்து ஒட்டாமல், டார்ச்சில் போடுவது மாதிரி கழற்றி மாட்டும்படி வைக்கச் சொன்னவர், ஆரம்பாக்கம் பஜாரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணன். "என் கடையில மாத்த முடியலைன்னா, இந்த ஊர்ல அதை யாரும் மாத்த மாட்டாங்க" என்றாராம்.

சித்தியின் கடையில் இன்னொரு பாடம்

சித்தி சாயங்காலம் ரோட்டோரம் மீன் விற்கிறார். எல்.இ.டி பல்பு போட்டதில் இருந்து ஒரு புலம்பல். "காலையில பிடிச்ச மீனுதான். லைட்டு போட்டா செவுள் வெளுத்துத் தெரியுது. பழசுன்னு பேரம் பேசுறாங்க."

இது சித்தியின் கற்பனை இல்லை. வெள்ளை எல்.இ.டி உண்மையில் நீல எல்.இ.டி-தான். அதன்மேல் மஞ்சளான ஒரு பூச்சைப் பூசி வெள்ளையாகக் காட்டுகிறார்கள். நீல எல்.இ.டி-யைச் சாத்தியமாக்கிய ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகள் அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகியோருக்கு 2014-ல் இயற்பியல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால், மலிவான பல்புகளின் வெளிச்சத்தில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. சிவப்பு இல்லாத வெளிச்சத்தில் சிவப்புச் செவுள் எப்படிச் சிவப்பாகத் தெரியும்? நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதை 'சி.ஆர்.ஐ' என்ற எண்ணால் சொல்வார்கள். வெயிலுக்கு 100. சாதாரண எல்.இ.டி-க்கு 80 அளவில் இருக்கும். தம்பி 90-க்கு மேல் இருக்கும் பல்பாக வாங்கி, அதற்குப் பனையோலையில் ஒரு கூடாரம் முடைந்து மாட்டினான். பழவேற்காட்டுப் பெண்கள் காலங்காலமாகப் பனையோலையில் பெட்டி, கூடை முடைவதில் பேர் பெற்றவர்கள். பழைய குண்டு பல்பின் சூட்டுக்குப் பக்கத்தில் ஓலையை வைக்கவே பயமாக இருக்கும். எல்.இ.டி அவ்வளவு சுடாது என்பதால் இது சாத்தியமானது.

ஓலைக் கூடாரத்தால் இன்னொரு லாபமும் உண்டு. வெளிச்சம் மீன்மேல் மட்டும் விழும், வானத்துக்குப் போகாது. கடற்கரையோரக் கடைகளுக்கு இதை எடுத்துப்போக வேண்டும் என்பது தம்பியின் ஆசை. முட்டையில் இருந்து வெளிவரும் பங்குனி ஆமைக் குஞ்சுகள், எந்தப் பக்கம் வெளிச்சமோ அதுதான் கடல் என்று நினைத்து நடக்கும். தெருவிளக்கு பிரகாசமாக இருந்தால் ரோட்டுக்குப் போய்விடும். சென்னைக் கடற்கரையில் 1988 முதல் ஆமை முட்டைகளைக் காப்பாற்றிவரும் மாணவர்கள் அமைப்பு, சீசனில் விளக்கை அணைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்பது இதனால்தான்.

விளக்கு வாங்கும்போது...

இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகு, கடையில் எமர்ஜென்சி லைட்டோ சோலார் விளக்கோ எடுத்தால் நான் கேட்கும் கேள்விகள் மாறிவிட்டன. நீங்களும் கேட்டுப்பாருங்கள்.

மூடியில் ஸ்க்ரூ இருக்கிறதா, இல்லை ஒட்டியிருக்கிறதா? உள்ளே இருக்கும் பேட்டரி வெளியில் தனியாகக் கிடைக்குமா? '18650' என்று போட்டிருந்தால் அது 18 மி.மீ அகலம், 65 மி.மீ நீளம் கொண்ட பேட்டரி, எங்கும் கிடைக்கும். ஆனால், அதே வகையைத்தான் மாற்ற வேண்டும். கடலோரத்திலோ மழையிலோ பயன்படுத்துவதாக இருந்தால் 'ஐ.பி.67' என்று இருக்கிறதா? முதல் எண் தூசி புகாது என்பதற்கு, அடுத்த எண் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்கு. சமையலறைக்கும் கடைக்கும் என்றால் சி.ஆர்.ஐ எவ்வளவு? கடைசியாக, வெளிச்சம் யாருக்கு? பார்க்கப்போவது நீங்களா, உங்களைப் பார்க்கப்போகிறவர்களா?

ஜூனில் பெங்களூரு

தம்பியின் படகு விளக்குக்கு உதிரி பாகங்களுக்கு மட்டும் 640 ரூபாய் ஆகிறது. நெற்றி டார்ச் 250 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆயிரக்கணக்கில் செய்தால் விலை பாதியாகும் என்கிறான். ஆயிரம் செய்ய யார் பணம் போடுவார்கள்? இதற்கிடையில் கேம்பஸ் இன்டர்வியூவில், பெங்களூரில் அலங்கார விளக்குகள் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்துவிட்டது. கல்விக் கடன் இருக்கிறது. சித்தி, "போய்ட்டு வாடா, விளக்கு எங்கயும் போயிடாது" என்கிறார். சித்தப்பா எதுவும் சொல்லவில்லை. ஆனால், தன் படகு விளக்கைக் காட்டி, "இந்த ரப்பர் வளையம் தேஞ்சா எங்க வாங்கறது?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அந்தக் கேள்விக்காகவே தம்பி பிப்ரவரி முழுக்க அலைந்தான். மிக்ஸி ஜார் மூடிக்குப் போடும் வளையத்தின் அளவுக்கு விளக்கின் வாயை மாற்றினான். அது பஜாரிலேயே கிடைக்கும். செல்போன் கடை அண்ணனுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். படம் வரைந்த இரண்டு பக்கத் தாள் ஒன்று அந்தக் கடைச் சுவரில் இப்போது ஒட்டியிருக்கிறது. ஆறு விளக்குகள் ஏரியில் எரிகின்றன. ஒன்று சித்தப்பாவுடையது. ஏழாவது ஒன்றுக்கு, மோட்டார் படகு வைத்திருக்கும் ஒருவர் முன்பணம் கொடுத்திருக்கிறார். வலை கட்டிவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்கும் தன் அண்ணனுக்காம்.